உதவும் கைகளுக்கும் ஓய்வு வேண்டும்

(பிறருக்கு உதவும்போது நம் சொந்த ஆற்றலைக் காப்பது எப்படி என்ற தலைப்பில் தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய தலைப்பைக் கேட்டவுடன் சிலருக்கு ஒரு நெருடல் வரலாம். உதவி செய்வது நல்ல காரியம், அதில் போய் நம் உடம்புக்கும் மனத்துக்கும் கணக்குப் பார்ப்பதா என்று தோன்றலாம். கணக்குப் பார்த்துச் செய்வது உதவியாகுமா என்று கேட்பவர்களும் உண்டு.

நம் முன்னோர் இரண்டு பழமொழிகளைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒன்று, ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’. மற்றொன்று, ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’. முதல் பழமொழியைப் பெரும்பாலும் கையை மூடிக்கொள்வதற்குச் சாக்காகத்தான் சொல்கிறோம். யாராவது நன்கொடை கேட்டு வந்தால் அது நம் நாவில் வந்து நிற்கும். ஆனால் பணத்தை விட்டுவிட்டு, உடல் பலத்தையும் மன பலத்தையும் வைத்து இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கையில் இருப்பது எவ்வளவு என்று தெரிந்தவன்தான் நீண்ட நாள் கொடுக்க முடியும் என்ற பொருள் கிடைக்கும். அந்தப் பொருளைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

உதவி என்பது பரந்த சொல். நான் ஒரே ஒரு வகை உதவியை எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் நோயுற்ற பெற்றோரை, அதிலும் முதுமை மறதி நோய் கண்ட தாயையோ தந்தையையோ, வருடக்கணக்கில் கவனித்துக்கொள்ளும் உதவி அது. இந்தப் பேச்சு இன்று பல வீடுகளில் தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் 2030-ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருப்பார் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. மனநலக் கழகம் 2023-இல் நடத்திய ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருக்கிறது. ஏறக்குறைய 11 பேரில் ஒருவர். அந்த ஒவ்வொருவருக்குப் பின்னாலும் தூக்கம் கெட்ட ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றியதுதான் இந்த உரை.

36 மணி நேர நாள்

நம் அக்கம்பக்கத்தில் பார்க்கக்கூடிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மூவறை வீவக வீடு. தாயாருக்கு 80 வயது. மகளுக்கு 50-ஐத் தாண்டிவிட்டது. இரவு 2 மணிக்குத் தாயார் எழுந்து, ‘கடைக்குப் போகணும், நேரமாச்சு’ என்று கதவைத் திறக்கப் பார்க்கிறார். மகள் எழுந்து, சமாதானம் சொல்லி, படுக்க வைக்கிறார். 4 மணிக்கு மீண்டும் அதே கதை. காலையில் பல் துலக்க மறுப்பு. சாப்பிட்ட அரை மணி நேரத்தில், ‘எனக்கு ஏன் சாப்பாடு போடல?’ என்ற கேள்வி. குளிப்பாட்டப் போனால் அடி. பெற்ற தாயே, ‘நீ யாரும்மா?’ என்று கேட்கிறார். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருடங்கள்.

இந்த நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பங்களுக்காக நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்ற இருவர் 1981-இல் அமெரிக்காவில் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார்கள். அந்த நூலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘36 மணி நேர நாள்’. தலைப்பிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரம். இவர்களுக்கு அது போதுவதில்லை.

உடம்பு பொய் சொல்லாது

இந்தக் களைப்பு வெறும் மனப்பிரமை என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீக்கோல்ட் கிளேசர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறும் நாள்களை எண்ணினார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிப்பாளர்களுக்கு 48 நாளுக்கு மேல் ஆயிற்று. ஒரே அளவு காயம்தான். ஆறுவதற்கு 9 நாள் கூடுதல். மனத்தின் சுமையைத் தோல் கணக்கு வைத்திருந்தது.

இதைவிட முக்கியமான ஓர் ஆய்வு 1999-இல் வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகிய இருவரும், கணவரையோ மனைவியையோ பராமரித்த முதியவர்களைச் சுமார் 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பராமரிப்பினால் மன இறுக்கத்துக்கு ஆளானவர்கள் அந்தக் காலத்தில் இறந்துபோகும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பே இல்லாதவர்களைக் காட்டிலும் 63 விழுக்காடு அதிகமாக இருந்தது.

அந்த ஆய்வின் மறுபக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். பராமரித்தும் மன இறுக்கத்துக்கு ஆளாகாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் தென்படவில்லை. உதவி செய்ததால் யாரும் அழிந்துபோகவில்லை என்பதே இதன் செய்தி. ஆளை அழிப்பது, அளவு மீறிய சுமையைத் துணையில்லாமல் சுமப்பது. ஆகவே, உதவுவதா வேண்டாமா என்பது இன்று நம் முன் உள்ள கேள்வி அல்ல. எப்படி உதவினால் உதவுபவர் முறியாமல் இருப்பார் என்பதுதான் கேள்வி.

மயிலிறகும் வண்டியும்

திருக்குறளின் 48-ஆம் அதிகாரத்துக்கு ‘வலியறிதல்’ என்று பெயர். பொருட்பாலில், அரசனுக்குச் சொன்ன அறிவுரையாக அது வருகிறது. போருக்குப் புறப்படும் முன் தன் பலத்தை எடை போட வேண்டும் என்பது அதன் சாரம். நாம் யாரும் அரசர்கள் இல்லை. ஆனாலும் அந்த அதிகாரத்தின் 2 கருத்துகள் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வருகின்றன.

ஒன்று, மயிலிறகு பற்றியது. மயிலிறகைப் போல எடை குறைந்த சரக்கு வேறு என்ன இருக்கிறது? அதையும் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு ஒடிந்துவிடும் என்கிறார் வள்ளுவர். பராமரிப்பு வேலைகள் எல்லாமே மயிலிறகுகள்தாம். ஒரு வாய் சோறு ஊட்டுவது பாரமா? ஒருமுறை உடை மாற்றுவது பாரமா? ஒரே கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்வது பாரமா? எதுவுமே இல்லை. அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ‘இதில் என்ன இவ்வளவு சலிப்பு?’ என்று கேட்கிறார்கள். அவர்கள் ஓர் இறகைப் பார்க்கிறார்கள். வண்டி இழுப்பவர் மொத்தச் சுமையையும் சுமக்கிறார்.

மற்றொன்று, வரவும் செலவும் பற்றியது. வரும் வழி சிறியதாக இருந்தாலும் கேடில்லை, போகும் வழி அதைவிட அகலமாகாமல் இருந்தால் போதும் என்பது அந்தக் குறளின் கருத்து. செல்வத்துக்குச் சொன்ன இந்த விதி உடல் தெம்புக்கும் பொருந்தும். தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, மனம்விட்டுப் பேச ஒருவர், தனக்கென்று ஒரு மணி நேரம், இவையெல்லாம் வரவு. பெரிய வரவு வேண்டியதில்லை. ஆனால் வரவே இல்லாமல் செலவு மட்டும் நடக்கும் வீடு எத்தனை நாள் ஓடும்?

அடுத்தவர் வலியைச் சுமப்பதும் பரிவும்

தெம்பு வற்றுவதற்கு வேலை ஒரு காரணம். அடுத்தவருடைய வேதனையை நம்முடைய வேதனையாகவே உள்ளே வாங்கிக்கொள்வது இன்னொரு காரணம்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழகத்தில் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் 2010-களில் இதை ஆராய்ந்தார்கள். பிறர் துயரத்தைக் கண்டு அதே துயரத்தைத் தாமும் உணரும்படி பயிற்சி பெற்றவர்களுக்கு வேதனை உணர்வு கூடியது. அதன் பிறகு அவர்களுக்கே பரிவுப் பயிற்சி, அதாவது எதிரில் இருப்பவர் நலம்பெற வேண்டும் என்று அன்போடு எண்ணும் பயிற்சி, தரப்பட்டது. வேதனை தணிந்து நல்லுணர்வு கூடியது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன.

இதை எளிமையாகச் சொல்லலாம். கிணற்றில் விழுந்தவரைக் காப்பாற்ற நாமும் குதித்தால் இருவரும் உள்ளே. மேலே காலை ஊன்றி நின்று கயிறு போட்டால் இருவரும் வெளியே. தாயார் அழும்போது உடன் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்வது பரிவு. அவர் அழுகையை இரவெல்லாம் நெஞ்சில் போட்டுப் புரட்டிக்கொண்டிருப்பதால் அவருக்கும் பயனில்லை, நமக்கும் தூக்கமில்லை.

வீட்டுக்கு வெளியே பொதுத்தொண்டு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். 1970-களில் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனநல வல்லுநர் பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டூழியம் செய்தார். தம்மிடமும் உடன் பணியாற்றிய இளைஞர்களிடமும் அவர் ஒன்றைக் கண்டார். அதிக ஆர்வத்தோடு வந்தவர்களே சில மாதங்களில் எரிந்து முடிந்த விறகைப் போல ஆனார்கள். அதை 1974-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்று உலகம் முழுதும் ‘பர்ன் அவுட்’ என்று பேசப்படும் சொல் அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. சோம்பேறிகளுக்கு இந்த நிலை வராது. நல்லவர்களுக்குத்தான் வரும்.

எச்சரிக்கை மணி

வண்டி அச்சு முறிவதற்கு முன் சத்தம் போடும். சில அடையாளங்களைச் சொல்கிறேன். படுக்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல் போவது. அம்மாவுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்துவிட்டு, தம்முடைய இரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடுவது. பலதுறை மருந்தகத்தில் தமக்கு வாங்கிய சந்திப்பை மூன்றாவது முறையாகத் தள்ளிப்போடுவது. நண்பர்கள் அழைத்தால் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது. ‘இது எப்போதுதான் முடியும்?’ என்று நினைப்பதும், அப்படி நினைத்ததற்காகவே தம்மைத் திட்டிக்கொள்வதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. என்றைக்கு நோயாளியின் மீது கை ஓங்குகிறதோ, அன்றைக்கே உதவி கேட்டாக வேண்டும். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கும். மூடி மறைத்தால் அடுத்த முறை கை ஓங்குவதோடு நிற்காது. ஓய்வு இல்லாத பராமரிப்பில் முதலில் அடிபடுபவர் பராமரிப்பாளர், அடுத்து அடிபடுபவர் நோயாளிதான். ஆகவே பராமரிப்பாளரின் ஓய்வு நோயாளிக்கும் பாதுகாப்பு.

சட்டம் தந்த ஓய்வு நாள்

நம் நாட்டில் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்து விதியாக இருக்கிறது. அந்த ஓய்வு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து ஈடு செய்யலாம் என்றிருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடு செய்யக்கூடாது, ஓய்வாகவே தர வேண்டும் என்று ஆக்கப்பட்டது. சரியான விதி. முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் இரவிலும் எழுந்திருக்கிறார் என்றால், பகலில் அவருக்குத் தூங்க நேரம் கொடுப்பதும் நம் கடமை. அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான்.

இப்போது என் கேள்வி இது. பணிப்பெண்ணுக்குச் சட்டம் ஓய்வு நாள் தந்துவிட்டது. அதே வேலையைச் செய்யும் மகளுக்கு யார் தருவது? மருமகளுக்கு யார் தருவது? மனைவியைப் பராமரிக்கும் 75 வயதுக் கணவருக்கு யார் தருவது? அவர்களுக்குச் சட்டம் கிடையாது. குடும்பம்தான் தர வேண்டும்.

பங்கு போடுங்கள்

நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. 3 பிள்ளைகள் இருப்பார்கள். திருமணமாகாத மகளோ, அம்மாவுடன் தங்கிவிட்ட மகனோ பராமரிப்பாளராகிவிடுவார். யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை, அது தானாக நடந்துவிடும். அண்ணன் மாதாமாதம் பணம் கொடுப்பார். அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து, ‘அம்மா இளைச்சுட்டாங்களே, ஒழுங்கா சாப்பாடு கொடுக்கறியா?’ என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு வாரத்துச் சுமையைவிட அந்த ஒரு கேள்வி கனமானது.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. உடன்பிறந்தவர்கள் ஒரு நாள் சேர்ந்து உட்காருங்கள். ஒரு தாளை எடுத்து, பராமரிப்பாளர் ஒரு வாரத்தில் செய்யும் எல்லா வேலைகளையும் எழுதச் சொல்லுங்கள். இரவில் எழுவது, குளிப்பாட்டுவது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, மருந்து வாங்குவது, துணி, சமையல், பணம் கட்டுவது, எல்லாவற்றையும். எழுதி முடித்ததும் தாளின் நீளமே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். தூரத்தில் இருப்பவர் மருத்துவச் சந்திப்புகளையும் கட்டணங்களையும் பார்த்துக்கொள்ளலாம். அருகில் இருப்பவர் வாரத்தில் ஓர் இரவு வந்து தங்கலாம். பணம் மட்டும் கொடுக்க முடிந்தவர், பகல் நேர முதியோர் பராமரிப்பு நிலையத்தின் கட்டணத்தை ஏற்கலாம்.

பராமரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘என்னைத் தவிர யாராலும் அம்மாவைப் பார்க்க முடியாது’ என்று சொல்லாதீர்கள். அண்ணன் ஊட்டினால் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். சிந்தட்டும். தம்பி சேலையைச் சரியாகக் கட்டிவிடத் தெரியாமல் நைட்டியோடு விட்டுவிடுவார். விடட்டும். நீங்கள் செய்வதுபோலவே மற்றவர்களும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால், கடைசிவரை நீங்கள் ஒருவரே செய்ய வேண்டியிருக்கும்.

நண்பர்களும் அண்டை வீட்டாரும் வழக்கமாக, ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் களைத்தவரால் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக, ‘சனிக்கிழமை 3 மணிக்கு வரேன், 2 மணி நேரம் அம்மாகூட உட்கார்ந்திருக்கேன், நீங்க வெளியே போய்ட்டு வாங்க’ என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லிப் பாருங்கள். அது அவருக்கு எத்தனையோ நாளாகக் கிடைக்காத 2 மணி நேரம்.

கேட்டால் கிடைக்கும்

வெளியிலும் உதவி உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 1800-650-6060 எண்ணை அழைத்தால், பகல் நேரப் பராமரிப்பு, வீட்டுக்கு வரும் தாதிமைச் சேவை, பராமரிப்பாளர் ஓய்வெடுப்பதற்காகச் சில மணி நேரமோ சில நாள்களோ முதியவரைக் கவனித்துக்கொள்ளும் சேவை ஆகியவற்றைப் பற்றி விளக்குவார்கள். அன்றாடக் காரியங்கள் பலவற்றுக்கு நிரந்தரமாகப் பிறர் துணை தேவைப்படுவோரின் குடும்பங்களுக்கு வீட்டுப் பராமரிப்பு மானியம் 2019 அக்டோபரில் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கியது. 2023 மார்ச் முதல் அது 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை என்று அறிவிக்கப்பட்டது. வருமான வரம்பு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். மறதி நோய் குறித்து டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பை 6377-0700 எண்ணில் கேட்கலாம். மனம் தாங்கவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநலத் தொலைபேசி எண்ணும், 1767 என்ற எஸ்ஓஎஸ் அமைப்பின் எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

‘பெத்த தாயைப் பகல் நிலையத்துல விட்டுட்டு வந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க?’ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். அந்த நாலு பேரில் ஒருவராவது இரவு 2 மணிக்கு எழுந்து வந்து கதவருகே நின்றதுண்டா? அப்படி வந்து நின்றவருக்குத்தான் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. மற்றவர்கள் பேச்சுக்காக உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் விட்டு மாலையில் அழைத்து வருவது கைவிடுவது ஆகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நாம் அவர்களைக் கைவிட்டுவிட்டோமா?

இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பராமரிப்பாளர்களுக்கு 3 வேண்டுகோள். உங்கள் உதவிக்கு ஒரு நேரம் வையுங்கள், அந்த நேரத்துக்குப் பிறகு வேறொருவர் பொறுப்பு. உங்கள் உதவிக்கு ஒரு துணை தேடுங்கள். உங்கள் உடம்புக்கும் ஒரு மருத்துவச் சந்திப்பு வாங்குங்கள், தள்ளிப்போடாமல் போய் வாருங்கள்.

பராமரிப்பாளர் அல்லாத மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பைச் சுமப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அவரை இன்றிரவு அழையுங்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு முன், ‘நீ எப்படி இருக்கே?’ என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்த நாள் வருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.